ஆயிரத்தில் எத்தனை பேர்: பாலிசிக் கணக்கும் பட்டாசுக் காலண்டரும்

ஆயுள் காப்பீடு விற்கிற எந்தக் கம்பெனியும் இரண்டு கேள்விகளுக்கு எண்ணாகப் பதில் வைத்திருக்க வேண்டும். இந்த வயதுக்காரர்கள் ஆயிரம் பேரில் இந்த வருடம் எத்தனை பேர் இறப்பார்கள்? பாலிசி எடுத்த ஆயிரம் பேரில் எத்தனை பேர் பிரீமியம் கட்டாமல் பாதியில் நிறுத்துவார்கள்? முதலாவது இறப்பு அனுமானம். இரண்டாவது லாப்ஸ் அனுமானம். பிரீமியம் எவ்வளவு, கையிருப்பாக எவ்வளவு ஒதுக்கணும், இடையில் சரண்டர் செய்தால் எவ்வளவு திருப்பித் தரலாம் என்பதெல்லாம் இந்த ரெண்டு எண்ணை நம்பித்தான் இருக்கு.

இப்போது இந்த எண்களைப் பிடிக்க பிரெடிக்டிவ் மாடலிங் வந்திருக்கிறது. மென்பொருள்தான் என் பிழைப்பு என்பதால் அந்தப் பக்கத்துக் கணக்கு எனக்குப் பழக்கம். ஆனால் இதன் வரலாற்றைத் தோண்டப் போனபோது என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு கேள்வி. இந்த அட்டவணைகளுக்குள் யார் இருக்காங்க? ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிறவர், தீப்பெட்டி ஒட்டுகிறவர் இவர்களெல்லாம் அதில் எங்கே?

முதல் அட்டவணைகள்

லண்டனில் 1706-ல் அமிக்கபிள் சொசைட்டி தொடங்கினபோது வயது வித்தியாசமே கிடையாது. எல்லாருக்கும் ஒரே சந்தா. வயதுவாரியாக இறப்பைக் கணக்கிட முடியும் என்று அதற்கு முன்பே, 1693-ல், எட்மண்ட் ஹாலி காட்டிவிட்டார். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலிதான். பிரெஸ்லாவ் என்ற ஊரின் பிறப்பு, இறப்புப் பதிவுகளை வைத்து அவர் அட்டவணை போட்டார். ஆனால் வயதுக்கேற்ற பிரீமியத்தை முறையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது 1762-ல் வந்த ஈக்விட்டபிள் கம்பெனி.

அடுத்து வந்த நார்தாம்ப்டன் அட்டவணையின் கதை முக்கியமானது. ரிச்சர்ட் பிரைஸ் தயாரித்த இது, இறப்பை உள்ளதைவிட அதிகமாகக் காட்டியது. ஆயுள் காப்பீடு விற்றவர்களுக்கு அதனால் கொழுத்த லாபம். நினைத்த அளவுக்கு ஆள் சாகவில்லையே! அதே அட்டவணையை நம்பி, உயிரோடு இருக்கும்வரை பென்ஷன் தருகிறோம் என்று விற்ற பிரிட்டிஷ் அரசுக்கு மட்டும் பெரிய நட்டம். ஜான் பின்லேசன் கணக்குப் போட்டுக் காட்டின பிறகுதான் அரசு அதைக் கைவிட்டது. ஒரே தப்பான எண், ஒருத்தருக்கு வரவு, இன்னொருத்தருக்குச் செலவு. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், லாப்ஸ் கணக்கிலும் இதேதான் வரும்.

1825-ல் பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் ஒரு விதி சொன்னார். வயது ஏற ஏற இறப்பு விகிதம் கூட்டுவட்டி மாதிரி பெருகும். 1860-ல் வில்லியம் மேக்கம் அதோடு ஒரு மாறிலியைச் சேர்த்தார். வயதைப் பார்க்காமல் வருகிற சாவுக்கான எண் அது. இருபது வயதுக்கும் அறுபது வயதுக்கும் அது ஒன்றுதான். கரிசல் காட்டுப் பட்டாசு ஊர்களுக்கு இந்தச் சின்ன மாறிலி எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே வந்தபோது

இந்தியாவில் முதல் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி 1818-ல் கல்கத்தாவில் தொடங்கிய ஓரியண்டல். மெட்ராஸில் 1829-ல் மெட்ராஸ் ஈக்விட்டபிள் வந்தது. இவை பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுக்கானவை. இந்தியர்களை எடுத்துக்கொண்டாலும் கூடுதல் பிரீமியம் போடுவார்கள். இந்தியருக்கும் சாதாரண விகிதமே என்று சொன்ன முதல் கம்பெனி, 1870-ல் தொடங்கிய பாம்பே மியூச்சுவல். 1906-ல் சுதேசி அலை வீசியபோது மெட்ராஸில் யுனைடெட் இந்தியா பிறந்தது. அதே வருடம்தான் தூத்துக்குடியில் வ.உ.சி. கப்பல் கம்பெனி தொடங்கினார்.

கம்பெனி வந்தாச்சு, அட்டவணை எங்கே? அங்கேதான் சிக்கல். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயது கேட்டால் நம்ம ஆட்கள் 30, 35, 40 என்று முழு எண்ணாகச் சொல்வார்கள். ஐந்திலும் பூஜ்யத்திலும் முடியும் வயதுகளில் கூட்டம் குவிந்திருக்கும். 29-லும் 31-லும் ஆளே இருக்காது. இன்று டேட்டா கிளீனிங் என்று நாம் செய்கிற வேலையை, அன்றைய ஆக்சுவரிகள் பேனாவும் காகிதமும் வைத்துச் செய்தார்கள். 1931 கணக்கெடுப்புக்கான ஆயுள் அட்டவணையைத் தயாரித்தவர் எல்.எஸ். வைத்தியநாதன். அதன்படி பிறக்கும்போது எதிர்பார்க்கும் ஆயுள் ஆண், பெண் இருவருக்குமே சுமார் 27 வருடம்தான். ஓரியண்டல் கவர்ன்மென்ட் செக்யூரிட்டி கம்பெனியின் பாலிசிதாரர்கள் எப்படி இறந்தார்கள் என்றும் அவரே ஆராய்ந்தார். அந்தக் கம்பெனியின் 1925-35 அனுபவத்தில் உருவான அட்டவணை பிற்பாடு பல பத்தாண்டுகள் இந்தியக் காப்பீட்டைத் தாங்கி நின்றது.

பாலிசி எடுத்தவர்களின் இறப்பு விகிதம் பொதுமக்களுடையதைவிடக் குறைவு. காரணம் லேசானது. பாலிசி எடுத்தது குமாஸ்தா, வக்கீல், வியாபாரி, அரசு ஊழியர். கூலிக்காரர் அந்தப் பேரேட்டுக்குள் நுழையவே இல்லை. ஆக, அட்டவணை பொய் சொல்லவில்லை, உள்ளே வந்தவர்களைப் பற்றி மட்டும் உண்மை சொல்கிறது.

1956 செப்டம்பர் 1-ல் எல்ஐசி உருவானது. 245 காப்பீட்டு நிறுவனங்களும் பிராவிடண்ட் சொசைட்டிகளும் ஒன்றாகக் கலந்தன. கிராமத்துக்குப் போவதுதான் நோக்கம் என்றார்கள், போகவும் செய்தார்கள். ஜாதகத்தைக்கூட வயதுச் சான்றாக ஏற்றுக்கொண்ட நிறுவனம் அது. பஞ்சாங்கம் பார்த்து எழுதின பனையோலைக்கும் லண்டனில் பிறந்த கணக்குக்கும் இப்படியொரு சம்பந்தம்.

பிறகு எல்ஐசியின் சொந்த அனுபவத்தில் 1970-73, 1994-96 அட்டவணைகள் வந்தன. 2000-த்தில் தனியார் கம்பெனிகளும் வந்த பின் எல்லாருடைய தரவையும் சேர்த்து 2006-08 அட்டவணை, அடுத்து 2012-14 அட்டவணை. கடைசியாகச் சொன்னது 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 30 வயதில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஒருவர், 40-ல் சுமார் 1.7, 50-ல் சுமார் 4.4. பெண்களுக்குத் தனி அட்டவணை போடாமல், ஆணின் வயதிலிருந்து மூன்றைக் குறைத்துப் படிப்பது வழக்கம். பெண்கள் பெரும்பகுதி வேலை செய்யும் தீப்பெட்டி, பட்டாசு ஊர்களுக்கும் அந்த மூன்று வருடம் பொருந்துமா என்ற கேள்விக்கு அட்டவணையில் இடமில்லை.

லாப்ஸ் என்ற இன்னொரு சாவு

இறப்பு அட்டவணைக்கு 300 வருட வரலாறு இருக்கு. லாப்ஸுக்கு அப்படி ஒரு இயற்கை விதியே கிடையாது. கோம்பர்ட்ஸ் மாதிரி யாரும் சமன்பாடு எழுதிவிட முடியாது. ஏன்னா பாலிசி சாவது உடம்பால் அல்ல, கையில் காசு இல்லாததால்.

முதல் வருடத்தில் கம்பெனிக்குச் செலவு அதிகம். ஏஜென்ட் கமிஷன், மருத்துவப் பரிசோதனை எல்லாம் அப்போதுதான். அதனால் சீக்கிரம் லாப்ஸ் ஆனால் கம்பெனிக்கும் நட்டம், கட்டினவருக்கும் நட்டம். 13-வது மாதம் எத்தனை பாலிசி உயிரோடு இருக்கு, 61-வது மாதம் எத்தனை என்று கம்பெனிகள் கணக்குக் காட்டுவது இதற்காகத்தான். ரொம்ப நாள் கட்டிவிட்டு நிறுத்தினால் கதை மாறும். சில திட்டங்களில் விலகிப்போகிறவர் விட்டுச்செல்லும் பணம்தான் மீதிப்பேரின் பிரீமியத்தைக் குறைக்கிறது. கனடாவில் 100 வயது வரை ஒரே பிரீமியம் என்று விற்ற பாலிசிகளில் இதுதான் நடந்தது. நிறையப் பேர் பாதியில் விடுவார்கள் என்று நம்பி விலையைக் குறைத்து வைத்தார்கள். வாங்கினவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கம்பெனிகள் திணறின. நார்தாம்ப்டன் பாடத்தின் மறுபதிப்பு!

இப்போது நம்ம ஊருக்கு வாங்க. பட்டாசுக்கு வெயில்தான் மூலதனம். கோடையில் வேலை உச்சத்தில் ஓடும். தீபாவளிக்கு போனஸ் வரும். அது முடிந்ததும் ஆலை மூடும், கூடவே மழையும் வரும், சில வாரம் கூலி இருக்காது. பீஸ் ரேட்டில் சம்பளம் வாங்குகிற வீட்டில் கார்த்திகை, மார்கழியில் வரும் டியூ தேதிதான் கண்டம். மாதப் பிரீமியத்துக்குக் கிரேஸ் நாள் 15, மற்றதுக்கு 30. கூலி நிற்கும் காலம் அதைத் தாண்டிவிடும்.

அரசு ஊழியருக்குச் சம்பளத்திலேயே பிடித்தம் செய்யும் சேலரி சேவிங்ஸ் திட்டம் இருக்கு. அவர் மறந்தாலும் பிரீமியம் போய்விடும். பட்டாசுத் தொழிலாளிக்கு அந்த வசதி இல்லை. இதை வெறும் தரவாகப் பார்க்கிறவர், ஒருத்தர் ஒழுங்கானவர், இன்னொருத்தர் ஒழுங்கில்லாதவர் என்று முடிவுகட்டுவார். உண்மையில் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் பணம் பிடிக்கிற குழாயில் இருக்கு.

மாடல் என்ன செய்கிறது

1972-ல் இரண்டு முக்கியமான கட்டுரைகள் வந்தன. நெல்டரும் வெடர்பர்னும் எழுதிய பொதுமை நேரியல் மாதிரி ஒன்று, டேவிட் காக்ஸ் எழுதிய அபாய விகித மாதிரி மற்றொன்று. இன்றைய பிரெடிக்டிவ் மாடலிங்கின் முதுகெலும்பு இவைதான். பழைய அட்டவணையில் வயதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இருக்காது. இதில் வயது, தொழில், பாலிசித் தொகை, மாதக் கட்டணமா வருடக் கட்டணமா, எந்த ஏஜென்ட், எந்தப் பின்கோடு என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைத்து, எது எவ்வளவு பாதிக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம்.

ரொம்ப நல்ல கருவி. ஆனால் அதற்குக் காரணம் தெரியாது, கூட்டாளி மட்டும்தான் தெரியும். 626 என்று தொடங்கும் பின்கோடுக்கு லாப்ஸ் அதிகம் என்று அது சொல்லலாம். அந்த எண்ணை வாங்கிய கம்பெனி என்ன செய்யும்? அந்தப் பக்கம் விற்பதைக் குறைக்கும், இல்லை விலையை ஏற்றும். விற்பனை குறைந்தால் தரவும் குறையும். அடுத்த அட்டவணையிலும் நாம் இருக்க மாட்டோம். வைத்தியநாதன் காலத்துப் பேரேட்டில் கூலிக்காரர் இல்லாமல் போனதுபோலவேதான்.

இன்னொரு சிக்கல், இந்த மாதிரிகள் ஒருவரின் முடிவு இன்னொருவரைப் பாதிக்காது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளும். 2018 அக்டோபர் 23-ல் பசுமைப் பட்டாசு மட்டுமே, பேரியம் உப்பு கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தொடர்ந்து சிவகாசி வட்டார ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. ஒரு தெருவில் ஒருத்தர் இல்லை, தெருவே டியூ கட்ட முடியாத நிலை.

இறப்பிலும் அப்படித்தான். 2021 பிப்ரவரி 12-ல் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்திலுள்ள அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் இருபது பேருக்கும் மேல் இறந்தார்கள். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி விபத்தில் முப்பத்தைந்துக்கும் மேல். அங்கே செத்தவர்களில் பலர் அந்த ஆலைத் தொழிலாளிகளே இல்லை, உதவிக்கும் பார்க்கவும் ஓடினவர்கள். தொழில் என்ற கட்டத்தில் எதை நிரப்பியிருந்தாலும் மாடல் அவர்களைக் கண்டுபிடித்திருக்காது. மேக்கத்தின் மாறிலி வருடம் முழுக்கச் சீராகச் சொட்டுவது. இங்கே அது ஒரே நாளில் கொட்டுகிறது.

ஒரே விலை என்ற பழைய யோசனை

இதற்கு மாற்றாக அரசு எடுத்த வழி சுவாரஸ்யமானது. 2000 ஆகஸ்டில் வந்த ஜனஸ்ரீ பீமா யோஜனாவில், பட்டாசுத் தொழிலாளர்களும் ஒரு தொழில்பிரிவாகப் பட்டியலில் இருந்தார்கள். வருடம் 200 ரூபாய், அதில் பாதியைச் சமூகப் பாதுகாப்பு நிதி கட்டியது. 2015-ல் வந்த பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் 18 முதல் 50 வயது வரை எல்லாருக்கும் ஒரே பிரீமியம், 2 லட்ச ரூபாய் காப்பீடு. முதலில் 330 ரூபாய். கிளைம் அதிகமானதால் 2022 ஜூன் முதல் 436.

2 லட்சத்துக்கு 436 என்றால் ஆயிரத்துக்கு 2.18. மேலே சொன்ன அட்டவணையோடு ஒப்பிட்டால் 30 வயதுக்காரர் தன் பங்கைவிட அதிகம் கட்டுகிறார், 50 வயதுக்காரர் குறைவாகக் கட்டுகிறார். 1706-ன் அமிக்கபிள் யோசனைதான் திரும்பி வந்திருக்கு. கணித ரீதியாகப் பின்னோக்கிப் போனதுதான். ஆனால் தொழில் கேட்காமல், பின்கோடு பார்க்காமல் உள்ளே விடுகிறது. இன்னொரு நல்லதும் இருக்கு. பணம் வங்கிக் கணக்கிலிருந்து மே கடைசிவாக்கில் எடுக்கப்படும். பட்டாசு ஊரில் அது வேலை இருக்கும் காலம். திட்டம் போட்டவர்கள் சிவகாசியை நினைத்துச் செய்ததில்லை, தானாக அமைந்தது.

தானாக அமைந்ததை வேண்டுமென்றே செய்யலாமே என்பதுதான் என் வாதம். லாப்ஸ் மாடலில் பின்கோடைப் போடுகிற இடத்தில், அந்த ஊரில் கூலி நிற்கும் மாதங்களைப் போட்டுப் பார்க்கலாம். டியூ தேதியைச் சித்திரை, வைகாசிக்கு மாற்றி, கிரேஸ் நாளை மழை முடியும்வரை நீட்டினால் லாப்ஸ் எவ்வளவு இறங்கும் என்பதையும் அதே மாடலால் சொல்ல முடியும். லாப்ஸ் விகிதம் மனிதர்களின் குணம் அல்ல, அவர்களுக்கு விற்ற பாலிசியின் வடிவமும் அதில் பாதி. இறப்பு அட்டவணையில் நாம் மாற்றக்கூடியது கொஞ்சம்தான். லாப்ஸ் அட்டவணையில் நிறைய இருக்கு. நவம்பரில் கட்ட முடியாமல் டிசம்பரில் லாப்ஸ் ஆன பாலிசி, பிப்ரவரியில் ஒரு குடும்பத்துக்குத் தேவைப்படலாம். அந்த இரண்டு மாத இடைவெளியைக் குறைக்க உதவாத மாடல் எவ்வளவு துல்லியமாக இருந்தும் இந்த ஊர்களுக்குப் பிரயோஜனம் இல்லை.