தொழில் பழகுவோரும் சர்க்கார் பணமும்

தலைநகரில் நாம் குடியிருக்கும் பகுதியில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறிய அன்பர் ஒருவர் வசிக்கிறார். சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் காகிதக் கட்டு ஒன்றுடன் நம் வீட்டுக்கு வந்தார். பதினேழு வயதான அவருடைய மகனை ஒரு தொழிற்சாலையில் தொழில் பழகுநனாகச் சேர்த்துக்கொள்ள இசைந்திருந்தார்கள். பையன் மைனர், ஆகவே தந்தையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். மொழிபெயர்ப்பே நமக்குப் பிழைப்பு என்பதை அறிந்தவராதலால், அதனை வரிவரியாகத் தமிழில் சொல்லும்படி கேட்டார். முழுவதையும் பொறுமையாகக் கேட்ட பின்னர் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “பயிற்சி முடிந்தால் வேலை தருவோம் என்று இதில் எங்கே சார் எழுதியிருக்கிறது?”

இக்கேள்விக்கு ஒரே வார்த்தையில் விடை சொல்லிவிடலாம். ஆனால் அந்த விடை அவ்வாறு அமைந்ததற்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

நம் நாட்டில் தொழில் கற்பது நெடுங்காலம் குடும்பத்துக்குள் நடந்த காரியம். தச்சன் மகன் தந்தையின் உளியைப் பிடித்துப் பழகினான். கொல்லன் மகன் துருத்தி ஊதிப் பழகினான். இதில் அரசுக்கு வேலை இருக்கவில்லை. சர்க்கார் முதன்முதலாகத் தலையிட்டது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில், 1850ஆம் ஆண்டின் 19ஆம் சட்டத்தின் வாயிலாக. சிறப்பாக அநாதைகளும், தர்மப் பணத்தில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகளும் தொழில் கற்பதற்கென இயற்றப்பட்ட சட்டம் அது. பத்து வயதுக்கு மேற்பட்டு, பதினெட்டு நிரம்பாத பிள்ளையை ஒரு முதலாளியிடம் ஏழாண்டு வரையில் ஒப்புவிக்கலாம் என்று அது கூறிற்று. ஒப்புவித்தல் என்று நாம் மென்மையாகச் சொல்கிறோம். மூலத்தில் உள்ள ஆங்கிலச் சொல்லுக்குக் கட்டிவைத்தல் என்பதே நேரான பொருள். கட்டுக்குச் சர்க்கார் தந்தது சட்டத்தின் பலம் மட்டுமே. கஜானாவிலிருந்து பிள்ளைக்கு உதவித்தொகை அளிக்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை.

பின்னர் ரயில்வே வந்தது. 1862இல் பீகாரின் ஜமால்பூரில் தோன்றிய பட்டறையும் அதைப் போன்ற பிறவும் ஆட்களைத் தாமே பழக்கிக்கொண்டன. 1927இல் அதே ஜமால்பூரில், உயர் பதவிகளுக்கு உரிய யந்திரப் பொறியியலாளரைத் தயாரிக்கும் தனிவகுப்புப் பயிற்சி தொடங்கிற்று. அது ஒரு சிலருக்கு மட்டும் திறந்த கதவு.

கஜானாவின் கதவு அகலத் திறந்தது யுத்தத்தினால்தான். 1940இல் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும், படையின் தொழில்நுட்பப் பிரிவுகளுக்கும் கடைசல்காரரும், பொருத்துநரும், மின்கம்பியரும் அவசரமாகத் தேவைப்பட்டனர். குடும்ப வழியாக அத்தனை பேரை வளர்த்தெடுக்க அவகாசம் ஏது? எனவே இந்திய சர்க்கார் தன் செலவிலேயே பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கி, கற்போருக்கு உதவித்தொகையும் அளித்தது. 1941இல் பிரிட்டனின் தொழில் மந்திரி எர்னஸ்ட் பெவினின் பெயரால் வழங்கிய திட்டத்தின்கீழ் நம் இளைஞர் சிலர் கடல் கடந்து சென்று ஆங்கிலத் தொழிற்சாலைகளில் வேலை பழகினர். கற்கும் காலத்திலும் வயிறு உண்டு என்பதை ஆட்சியாளர் உணர்வதற்கு உலக யுத்தம் ஒன்று தேவைப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

யுத்தம் முடிந்ததும் பயிற்சி நிலையங்களை மூடிவிட்டிருக்கலாம். மூடவில்லை. படையிலிருந்து திரும்பிய லட்சக்கணக்கானோருக்கு வாழ்வளிப்பதற்காக 1945இல் மறுவாழ்வு, வேலைவாய்ப்புத் துறை அமைக்கப்பட்டது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் பிரிவினை நேர்ந்து, வீடு வாசலை இழந்த மக்கள் மேற்கிலிருந்து சாரி சாரியாக வந்தனர். இன்றைய ஹரியானாவில் உள்ள நீலோக்கேரியில், பிற்காலத்தில் மத்திய மந்திரியான எஸ். கே. டே, குருக்ஷேத்திர முகாமிலிருந்த அகதிகளைக் கொண்டு ஒரு நகரத்தையே எழுப்பினார். ‘மஜ்தூர் மன்ஸில்’ எனப் பெயர் பெற்ற அத்திட்டத்தில் வீடு கட்டுவதும் தொழில் கற்பதும் ஒன்றாகவே நடந்தன. தானமாக வந்த சோற்றைவிடக் கையிலேறிய தொழில் அம்மக்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பது நம் எண்ணம். வெளியூரில் வேர் ஊன்ற முயன்ற நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கற்பிக்க ஆசிரியர் வேண்டுமே என்று 1948இல் பிலாஸ்பூரை அடுத்த கோனியில் பயிற்றுநருக்கென்றே ஒரு நிலையமும் ஏற்பட்டது.

1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் பிறந்தது. சுமார் ஐம்பது தொழிற் பயிற்சி நிலையங்கள், அதாவது நாம் ஐ.டி.ஐ. என்று சொல்பவை, முதலில் நிறுவப்பட்டன. ‘ஹிந்து’ பத்திரிகையின் டில்லி நிருபராகப் புகழ் பெற்ற பி. சிவராவின் தலைமையிலான குழு 1954இல் தந்த யோசனைப்படி, 1956 முதல் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கைக்குச் சென்றது. 1969 ஏப்ரலில் பணப் பொறுப்பும் அவற்றிடமே சேர்ந்தது. செழிப்புள்ள மாநிலத்தில் புதிய கடைசல் யந்திரமும், வறிய மாநிலத்தில் பழையதும் என்ற ஏற்றத்தாழ்வுக்கு இது இடம் கொடுத்தது என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் தேசிய தொழிற் சான்றிதழ் இந்தியா முழுமைக்கும் பொதுவாக நின்றது. ராஞ்சியில் தேறிய தமிழ்ப் பையன் அதனைக் காட்டிக் கோயம்புத்தூரிலும் வேலை கேட்கலாம்.

நிலையத்தில் கற்றது பட்டறையில் முற்ற வேண்டும். அதற்காக 1961 டிசம்பரில் தொழில் பழகுநர் சட்டம் நிறைவேறி, 1962 மார்ச்சு முதல் தேதி அமலுக்கு வந்தது. 1850ஆம் ஆண்டுச் சட்டம் அத்துடன் மறைந்தது. பத்து வயது பதினான்காயிற்று. உதவித்தொகை முதலாளியின் தயவாக இல்லாமல், சட்டம் விதித்த கடமையாயிற்று. அடிப்படைப் பயிற்சியின் செலவைப் பெரிய ஆலைகள் தாமே ஏற்க வேண்டும்; சிறிய ஆலைகளுக்குச் சர்க்கார் ஓர் எல்லை வரையில் சரிபாதி தரும்.

ஆனால் அச்சட்டத்தின் 18ஆம் பிரிவு பழகுநனைப் பயிற்சி பெறுபவன் என்கிறது, தொழிலாளி அல்லன் என்றும் உடனே சேர்த்துச் சொல்கிறது. இதனைத் தமிழாக்கும்போது நம் பேனா சற்றே தயங்கியதுண்டு. ஒரே வாக்கியம் அவனை அடிமைக் கட்டிலிருந்து விடுவித்து மாணவனாக்குகிறது. தொழிலாளர் சட்டங்களின் காப்பிலிருந்தும் விலக்குகிறது. பட்டறையில் விரல் நசுங்கினால் நஷ்டஈடும், உடல்நலப் பாதுகாப்பும் உண்டு என்று வேறு பிரிவுகள் காப்பது ஓரளவு ஆறுதல். வேலைக்கோ 22ஆம் பிரிவு உறுதி தரவில்லை. பயிற்சிக்குப் பின் அங்கேயே பணிபுரிய வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால் மட்டுமே முதலாளி தக்க வேலை தரக் கடமைப்பட்டவர்.

இவ்விடத்தில் நீதிமன்றம் சற்றுக் கைகொடுத்தது. உத்தரப் பிரதேச அரசுச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தைச் சார்ந்த வழக்கில், மற்றத் தகுதிகள் சமமாயின் நேரடியாக வருவோரைவிடப் பயிற்சி பெற்றவருக்கே முதலிடம் தரவேண்டும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. சட்டமும் காலத்துக்கேற்ப வளர்ந்தது. 1973இல் பட்டமும் டிப்ளமோவும் பெற்ற பொறியியலார் அதற்குள் வந்தனர். 2016இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி, உதவித்தொகையில் நூற்றுக்கு 25 பங்கை, மாதம் ரூபாய் 1,500க்கு மிகாமல், மத்திய சர்க்கார் ஏற்றது.

நண்பருக்கு நாம் 22ஆம் பிரிவை இரண்டு முறை படித்துக் காட்டினோம். அவர் கொண்டுவந்த ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனை இல்லை. ஆனால் 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு முதலாளியும் தமக்கென ஒரு கொள்கையை வகுக்க வேண்டும். அந்தக் கொள்கை என்ன என்று தொழிற்சாலையில் கேட்கும்படி சொன்னோம். அவர் கையெழுத்திடாமல் காகிதங்களை மடித்து எடுத்துக்கொண்டு, “நாளைக் காலையில் பையனையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டுவிடுகிறேன்” என்று கூறி எழுந்தார்.