ராவாகெடே: கைம்பெண்கள் காத்த வரலாறு

வரலாறு என்றவுடன் மன்னர்களின் பெயர்களையும் உடன்படிக்கைகளின் ஆண்டுகளையும் மனனஞ் செய்யும் பழக்கம் எமது வகுப்பறைகளிலிருந்து இன்னும் முற்றாக நீங்கவில்லை. நெல் விதைத்தவனுக்கும் அதனை அரிந்தவளுக்கும் அந்த வரலாற்றிலே இடமில்லை. இந்தோனேஷியாவின் விடுதலைப் போரைப் படிக்கும் மாணவன் சுகர்ணோவை அறிவான், ஹத்தாவை அறிவான். மேற்கு யாவாவின் வயல்வெளியிலே கிடக்கும் ராவாகெடே என்ற சிற்றூரை அவன் அறியமாட்டான். ஆனால் அவ்விடுதலைக்குக் கொடுக்கப்பட்ட விலை என்ன என்பதை அறிய விரும்புவோர் செல்லவேண்டிய இடம் அதுவே. இன்று அவ்வூர் பாலொங்சாரி எனப்படுகின்றது.

ராவாகெடே, ஜகார்த்தாவுக்குக் கிழக்கேயுள்ள கராவாங் பிரதேசத்தைச் சேர்ந்தது. சித்தாரும் ஆறு கொண்டுவந்து குவித்த வண்டல் நிலம் அது. இப்பகுதியை ஆண்ட தாருமாநகர அரசன் பூர்ணவர்மன் தன் சாசனங்களைப் பல்லவ எழுத்திலே பொறித்தான். தென்னிந்தியக் கடல் வாணிகத்தின் சுவடு அது. கராவாங்கின் வடபகுதியிலுள்ள பத்துஜாயாவில் வயல்களுக்கு நடுவே புதைந்திருந்த செங்கற் பௌத்தக் கட்டடங்களை 1984ஆம் ஆண்டு முதல் ஆராய்ச்சியாளர் வெளிக்கொணர்ந்தனர்.

ஆயினும் கராவாங்கின் தலைவிதியை நிர்ணயித்தது நெல்லே. 1628ஆம், 1629ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தரின் பத்தாவியாக் கோட்டையை முற்றுகையிட்ட மத்தாராம் அரசன் சுல்தான் அகுங், படைக்கு உணவின்றித் தோற்றான். அதன் பின்னரே இங்கு குடியானவர்களைக் குடியேற்றி நெற்களஞ்சியம் ஒன்றை உருவாக்க மத்தாராம் முனைந்தது. 1677இல் அந்நிலம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கைக்கு மாறியது. அதே கம்பனிதான் அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் காலியிலும் கொடியேற்றியிருந்தது. கொடிகள் மாறின, உழுதவனின் நிலை மாறவில்லை. பிற்காலத்தில் இப்பிரதேசத்தின் பரந்த நிலங்கள் தனியார் பண்ணைகளாக ஐரோப்பியரிடம் சேர்ந்தன. 1925இல் வலஹார் அணைக்கட்டு எழுந்தது, நீர் பெருகியது, விளைச்சலும் பெருகியது. விளைந்தது யார் களஞ்சியத்தை நிரப்பிற்று என்பதே கேள்வி.

1945 ஓகஸ்ற் 16ஆந் திகதி விடியுமுன், சுதந்திரப் பிரகடனத்தைத் தாமதியாது வெளியிடுமாறு வற்புறுத்தி, சுகர்ணோவையும் ஹத்தாவையும் இளைஞர்கள் ரெங்கஸ்டெங்க்லொக்குக்குக் கொண்டு சென்றனர். அவ்வூரும் கராவாங் பிரதேசத்தையே சேர்ந்தது. அவர்கள் தங்கவைக்கப்பட்டது சீனக் குடியானவர் ஒருவரின் எளிய வீட்டிலே. மறுநாள் குடியரசு பிறந்தது.

ஒல்லாந்து அதனை ஏற்கவில்லை. 1947 ஜூலை 21இல் தொடங்கிய அதன் படையெடுப்புக்கு இடப்பட்ட பெயரே உண்மையைச் சொல்லிவிடுகின்றது. ‘புரொடக்ட்’, அதாவது விளைபொருள். யாவாவின் தோட்டங்களையும் சுமாத்திராவின் இறப்பரையும் எண்ணெயையும் மீட்பதே நோக்கம். ஏகாதிபத்தியம் சில வேளைகளில் தன் உள்ளத்தை மறைக்க மறந்துவிடுவதுண்டு.

1947 டிசெம்பர் 8ஆந் திகதி, ஜகார்த்தாத் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்ற ‘ரென்வில்’ என்ற அமெரிக்கக் கப்பலில், ஐக்கிய நாடுகள் சபையின் குழு முன்னிலையிலே சமாதானப் பேச்சுவார்த்தை ஆரம்பமாகியது. மறுநாட் காலை ஒல்லாந்தப் படையினர் ராவாகெடேயைச் சூழ்ந்தனர். மேஜர் அல்போன்ஸ் வைனென் அவர்களின் தளபதி. லூக்காஸ் குஸ்தாரியோ என்ற குடியரசுப் படை அதிகாரியை அவர்கள் தேடினர். அவர் அங்கில்லை. ஆயுதமும் அகப்படவில்லை. ஆண்களை ஒன்றுதிரட்டி அவர் எங்கே என்று கேட்டனர். எவரும் சொல்லவில்லை. அவர்கள் வரிசையாக நிறுத்திச் சுடப்பட்டனர்.

இறந்தோர் 431 பேர் என்பது கிராமத்தவரின் கணக்கு. ஏறத்தாழ 150 பேர் என்பது ஒல்லாந்த அரசின் கணக்கு. எந்தக் கணக்கை ஏற்பினும், அன்று அவ்வூரிற் பிணங்களைத் தூக்க ஆண்கள் போதவில்லை. பெண்களே தம் கணவரையும் புதல்வரையும் புதைத்தனர்.

1948 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் குழு, இச்செயல் திட்டமிட்டதும் இரக்கமற்றதும் என்று அறிக்கையிட்டது. அறிக்கை எழுதப்பட்டது, நீதி வழங்கப்படவில்லை. தளபதியின் மீது வழக்குத் தொடருவதில்லை என ஒல்லாந்தப் படைத்தலைமையும் சட்டத்துறைத் தலைமையும் தமக்குள் முடிவு செய்தன. அவ்வாண்டு சைரில் அன்வார் எழுதிய ‘கராவாங் – பெக்காசி’ என்ற கவிதை, அந்நிலத்தில் வீழ்ந்தோரை இந்தோனேஷியாவின் நினைவில் நிறுத்தியது. 1949இல் ஹேக் மாநாட்டிலே சுதந்திரம் ஏற்கப்பட்டபோது, 400 கோடி கில்டருக்கு மேற்பட்ட காலனித்துவக் கடன் புதிய குடியரசின் தலையிலே சுமத்தப்பட்டது. கொல்லப்பட்டவனே கொன்றவனுக்குக் கடன்காரனானான்! 1956இல் இந்தோனேஷியா அக்கடனைச் செலுத்த மறுத்தது.

ஒல்லாந்து நெடுங்காலம் மௌனங் காத்தது. 1969இல் அரசு வெளியிட்ட அறிக்கையும், சில ‘வரம்பு மீறல்கள்’ நிகழ்ந்தனவேயன்றிப் படை பொதுவாக முறையுடனேயே நடந்தது என்று கூறிற்று. அம்மௌனத்தைக் கலைத்தவர்கள் ராவாகெடேயின் முதிய கைம்பெண்கள். ஒல்லாந்தில் வாழ்ந்த ஜெப்ரி பொண்டாக் என்பவர் அமைத்த குழுவின் துணையுடன் அவர்கள் ஹேக் நீதிமன்றத்தை நாடினர். காலங் கடந்துவிட்டது, வழக்குச் செல்லாது என்பது அரசின் வாதம். குற்றத்தின் கொடுமையையும், அதனை அரசு அக்காலத்திலேயே அறிந்திருந்ததையும் நோக்குகையில் அவ்வாதம் நியாயமன்று என 2011 செப்டெம்பர் 14ஆந் திகதி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு டிசெம்பர் 9ஆந் திகதி ஒல்லாந்தத் தூதுவர் ராவாகெடேக்கே வந்து மன்னிப்புக் கோரினார். கைம்பெண் ஒவ்வொருவருக்கும் 20,000 யூரோ வழங்கப்பட்டது.

இதனை முழு வெற்றியென்று கொண்டாடுவதற்கில்லை. அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குள் கைம்பெண்களிற் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். உயிருடனிருந்த சிலருக்குப் பணங் கிடைத்தபோது, தந்தையை இழந்தும் ஒன்றும் பெறாத ஏனைய குடும்பங்கள் பங்கு கேட்டன. கிராமத்திலே மனக்கசப்பு மூண்டது. ஓர் ஊர் முழுவதும் பட்ட காயத்தைத் தனித்தனி ஆட்களின் இழப்பாகவே சட்டம் அளந்தது. அதனால் விளைந்தது இப்பிணக்கு. வறுமை அதற்கு நெய் வார்த்தது.

எனினும் வழி திறந்துவிட்டது. தென் சுலவேசியிற் கொல்லப்பட்டோரின் குடும்பங்களும் அதே நீதிமன்றத்தை நாடின. 2022இல் ஒல்லாந்து ஆராய்ச்சி நிறுவனங்கள் மூன்று, அப்போரில் மிதமிஞ்சிய வன்முறை தற்செயலானதன்று, பரவலாகவும் முறையாகவும் கையாளப்பட்டது என்று முடிவு கூறின. பிரதமர் மன்னிப்புக் கோரினார். 1969இன் அறிக்கை இவ்வாறு பொய்யாயிற்று.

இன்று கராவாங்கின் வயல்களுக்கு 1967இல் நிறைவுற்ற ஜத்திலுஹூர் நீர்த்தேக்கம் நீரூட்டுகின்றது. மறுபுறத்தில் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் நெல் நிலத்தை விழுங்கி வருகின்றன. அந்நியன் போனபின்னும் நிலம் யாருக்கு என்ற கேள்வி தீர்ந்துவிடவில்லை.

ஆசிரியர்களே, மாணவர்களே! ரென்வில் கப்பலில் ஒப்பமிட்டோரின் பெயர்கள் பாடநூலில் இருக்கட்டும். அப்பேச்சு நடந்துகொண்டிருந்த வேளையில், ஒரு நாட்பயண தூரத்திலே தம் மக்களைப் புதைத்த பெண்களும் அங்கே இருக்கவேண்டும். எழுத்தறியாத அப்பெண்கள் அறுபது ஆண்டுகள் நெஞ்சிலே சுமந்ததை அரசின் ஆவணங்களால் அழிக்க முடியவில்லை. மக்களின் நினைவும் வரலாற்றுச் சான்றே என்பதை ராவாகெடே நிறுவியுள்ளது. எமது கிராமங்களிலும் முதியோர் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது எமது கடன்.