ஒற்றைத் தலைவலி: அன்றாட வாழ்வில் ஏற்படும் முடக்கம்

மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி, விட்டு விட்டு வரும் நரம்பியல் நோய். மருந்து எடுக்காவிட்டால் ஒருமுறை தொடங்கிய வலி 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். தலையின் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிப்பதும், குமட்டலும், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமையும் இதன் முக்கிய அறிகுறிகள். பெண்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். கர்நாடகத்தில் 18 முதல் 65 வயதுக்குட்பட்டோரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டுக்குள் இந்த வலி வந்தவர்கள் நூற்றுக்கு 25 பேர். 2016-க்கான உலக நோய்ச்சுமை ஆய்வு, மக்களை இயலாமையில் வைத்திருக்கும் நோய்களில் இதை இரண்டாவதாகக் கணித்தது.

முடக்கத்தை அளக்க மிடாஸ் என்ற வினாத்தாள் பரவலாகப் பயன்படுகிறது. கடந்த 3 மாதங்களில் வேலைக்கோ படிப்புக்கோ போகாத நாள்கள், போயும் பாதி வேலைகூட ஓடாத நாள்கள், வீட்டுவேலை செய்ய முடியாத நாள்கள், அதுவும் பாதியில் நின்ற நாள்கள், விசேஷங்களுக்கும் உறவினர் வீட்டுக்கும் போகாமல் விட்ட நாள்கள் என ஐந்து கேள்விகள். கூட்டுத்தொகை 21-ஐத் தொட்டால் கடுமையான முடக்கம். வலி எவ்வளவு கடுமை என்பது இந்தக் கூட்டலில் சேராது.

புதுச்சேரி கதிர்காமத்தில், வழுதாவூர் சாலையில், இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இப்படிப்பட்ட பொது மருத்துவமனைக்கு வரும் தினக்கூலிக்காரரிடம் முதல் கேள்வியை மட்டும் கேட்டால் போதாது. லீவு போட்டால் கூலி இல்லை. ஆகவே பதில் பூஜ்யமாகவே இருக்கும். இல்லத்தரசியோ நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, சோற்றை மட்டும் வடித்து இறக்கியிருப்பார். அவருடைய இழப்பு மூன்றாம், நான்காம் கேள்விகளில்தான் பிடிபடும். அவற்றை அவசரமாகத் தாண்டுகிற மருத்துவர் நோயில் பாதியைத் தவறவிடுகிறார்.

வெயில், பட்டினி, தூக்கமின்மை ஆகியவை வலியைத் தூண்டும். தலைக்குக் குளித்தால் வலி வருகிறது என்று நம் வீடுகளில் சொல்வதும் வெறும் பேச்சல்ல: மும்பை மருத்துவர் கே. ரவிசங்கர் 94 இந்திய நோயாளிகளிடம் இதைக் கண்டு 2006-இல் பதிவு செய்தார்.

கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். மாதம் 15 நாளுக்குக் குறையாமல் தலைவலி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, அவற்றில் 8 நாளாவது மைக்ரேன் தன்மையுடன் இருந்தால் நாள்பட்ட வகை. அப்போது தடுப்பு மருந்து அவசியம்.

இவ்வளவு முடக்கினாலும், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் ஒற்றைத் தலைவலி இல்லை.