லின்னேயஸ் டிரைப்பின் தமிழக ஒளிப்படங்கள்

லின்னேயஸ் டிரைப் (1822–1902) கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி. 1856இல் சென்னை மாகாண அரசு இவரை அரசு ஒளிப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் சுற்றுப்பயணம் புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய ஊர்களில் இவர் எடுத்த படங்கள், தமிழகத்தின் மிகப் பழைய ஒளிப்படங்களுள் அடங்கும்.

படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வழக்கம் அப்போது பரவவில்லை. ரசாயனம் பூசிய தாளின்மேல் நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டுவார்கள்; நெகட்டிவ் என்ன அளவோ அதே அளவில்தான் படம் கிடைக்கும். எனவே பெரிய படம் வேண்டுமானால் கேமராவும் பெரிதாக இருக்க வேண்டும். டிரைப்பின் படங்கள் பல ஏறத்தாழ 10 அங்குல உயரமும் 14 அங்குல அகலமும் உடையவை. இவ்வளவு பெரிய கண்ணாடித் தகடுகளை மாட்டு வண்டியில் ஏற்றினால் எத்தனை உடையாமல் ஊர் சேரும்? மேலும், கண்ணாடியில் பூசிய கொலோடியன் கரைசலின் ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் அது பெரும்பாடு.

ஆகவே டிரைப் மெழுகு தோய்த்த காகிதத்தையே நெகட்டிவாகக் கொண்டார். அதை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். எடுத்த படத்தைப் பிறகு ஆற அமரக் கழுவலாம். ஒளி படும் நேரம் அதிகம் தேவைப்படும் என்பது குறைதான். ஆனால் கோபுரம் அசையப் போவதில்லையே! வானம் வெறுமையாக விழுந்த இடங்களில் நெகட்டிவிலேயே மேகங்களைத் தீட்டினார். அவர் படங்களில் தெரியும் மேகங்களை எல்லாம் அன்றைய வானம் என்று நம்பிவிடக் கூடாது.

இவருடைய பணிகளுள் தலையாயது தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைப் படமெடுத்தது. 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒரே சுருளாக்கினார். இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதியில் அச்சேறத் தொடங்கியது 1891இல்தான். அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே இச்சுருள் உருவாகிவிட்டது.

1857 கிளர்ச்சிக்குப் பின் அரசின் கருவூலம் வறண்டது. 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், அன்றைய நிதிநிலைக்கு ஒளிப்படப் பணி பொருந்தாத ஆடம்பரம் எனக் கருதி அதை நிறுத்தச் செய்தார். (அவரும் மறு ஆண்டே, புதிய வரிகளை வெளிப்படையாக எதிர்த்ததற்காகப் பதவி இழந்தார்.) அதன்பின் டிரைப் எடுத்த படங்கள் மிகச் சிலவே. அவருடைய தமிழகப் படங்களை இன்று லண்டனில் பிரித்தானிய நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் காணலாம்.