தாமதமாக நடக்கும் குழந்தையும் தாங்கு காலணியும்

பாதத்தையோ கணுக்காலையோ ஒரு நிலையில் பிடித்துவைப்பதற்காகச் செய்யப்படுவது தாங்கு காலணி. கணுக்காலுக்கு மேல் ஏறும் கெட்டியான ஷூ, உள்பக்கம் மேடு வைத்த இன்சோல், குதிகாலைக் கவ்வும் கிண்ணம், பிளாஸ்டிக்கில் வார்த்த ஸ்பிளிண்ட் எல்லாவற்றையும் பொதுவாக 'ஆர்த்தோ ஷூ' என்றே சொல்கிறார்கள். ஒன்றரை வயதாகியும் எட்டு வைக்காத குழந்தையைப் பார்த்து, "ஒரு ஆர்த்தோ ஷூ வாங்கிப் போட்டுப் பாரேன்" என்று சொல்லாத உறவினர் குறைவு. இத்தகைய குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது தேவையில்லை. சிலருக்குக் கட்டாயம் தேவை. அந்தச் சிலரைப் பிரித்தறிய, நடை ஏன் தாமதமானது என்பதை முதலில் கண்டுபிடித்தாக வேண்டும்.

எப்போது தாமதம்

உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிடிமானம் இல்லாமல் நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரந்து கிடக்கிறது. சராசரி ஏறத்தாழ 12 மாதம். ஆகவே பக்கத்து வீட்டுக் குழந்தை பத்தாம் மாதத்தில் ஓடுகிறது என்பதற்காக, 14 மாதக் குழந்தையின் தாய் கலங்க வேண்டியதில்லை. 18 மாதம் நிறைந்தும் தனியாக நடக்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 

குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த தேதியிலிருந்து கணக்கிடக் கூடாது. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தை, 18 மாதம் ஆகும்போது வளர்ச்சிக் கணக்கில் 16 மாதக் குழந்தைதான். தவழாமல், உட்கார்ந்த வாக்கில் பிட்டத்தால் நகர்ந்து போகும் குழந்தைகளும் உண்டு. இவர்கள் பிந்தி நடப்பது வழக்கம். அப்பாவோ அத்தையோ சிறுவயதில் அப்படித்தான் நகர்ந்தார்கள் என்று விசாரித்தால் தெரியவரும். என்றாலும் இவர்களையும் ஒருமுறை பரிசோதிக்காமல் விடக் கூடாது.

சில அறிகுறிகளுக்கு 18 மாதம் வரை காத்திருப்பதே தவறு. ஒன்பது மாதம் தாண்டியும் தானாக உட்காராதது, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, உடல் துணிபோலத் தொய்ந்திருப்பது, கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொண்டு விறைப்பது, முன்பு செய்த ஒன்றை இப்போது செய்யாமல் போவது ஆகியவை அவ்வகை.

காரணம் எங்கே இருக்கிறது

நடையைத் தாமதப்படுத்தும் காரணங்களில் பெரும்பாலானவை பாதத்தில் இல்லை. மூளை முடக்குவாதம், டவுன் நோய்க்குறி, தசைச் சிதைவு நோய், இடுப்பு மூட்டு பிறவியிலேயே விலகியிருத்தல், தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் டி குறைவால் வரும் ரிக்கெட்ஸ், நீண்ட நாள் நோயாலோ ஊட்டக் குறைவாலோ வரும் பலவீனம் ஆகியவை மருத்துவர் தேடுபவை. எந்த நோயும் இல்லாமல் மூட்டுகள் மட்டும் இயல்பைவிட நெகிழ்வாக இருக்கும் குழந்தைகளும் ஏராளம்.

குழப்பம் தொடங்குவது இந்த நெகிழ்வில்தான். மூட்டு நெகிழ்ந்த குழந்தையை நிற்கவைத்தால் பாதம் தரையோடு தரையாகப் படியும், கணுக்கால் உள்பக்கம் சரியும். பார்ப்பவர்கள் "தட்டைப் பாதம், அதனால்தான் நடக்கவில்லை" என்று முடிவு கட்டுகிறார்கள். உண்மையில் தட்டைப் பாதமும் தாமத நடையும் ஒரே நெகிழ்வின் இரண்டு விளைவுகள். ஒன்று மற்றதற்குக் காரணமல்ல. உள்ளங்காலில் கொழுப்பு நிறைந்திருப்பதால் இந்த வயதில் எல்லாக் குழந்தைகளின் பாதமும் தட்டையாகவே தெரியும். வளைவு முதல் பத்தாண்டுகளில் மெல்ல உருவாகிறது. தட்டைப் பாதத்தோடே ஒரு வயதில் நடந்துவிடும் குழந்தைகள்தான் மிகுதி.

நல்ல மருத்துவர் குழந்தையைக் கட்டிலில் கிடத்தும் முன் தரையில் விட்டு வேடிக்கை பார்ப்பார். உட்கார்ந்த நிலையிலிருந்து எழும்போது கைகளைத் தொடையில் ஊன்றி, தன் உடம்பிலேயே ஏறுவதுபோல எழுந்தால் இடுப்புத் தசை பலவீனமாக இருக்கிறது என்று பொருள். ஆண் குழந்தை தாமதமாக நடந்தால் ரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் அளவு பார்ப்பது அவசியம். டூஷேன் தசைச் சிதைவு நோயை அந்த எளிய சோதனை காட்டிக்கொடுக்கும். இரு தொடைகளும் ஒரே அளவு விரியாவிட்டால் சந்தேகம் இடுப்பு மூட்டின்மேல் விழும். மணிக்கட்டு எலும்பு புடைத்திருந்தால் ரிக்கெட்ஸ். பாதத்தைப் பார்ப்பது இவ்வளவுக்கும் பிறகுதான். குழந்தையைத் தூக்கிக் கால்களைத் தொங்கவிடும்போதோ, பெருவிரலை மேல்நோக்கி மடக்கும்போதோ வளைவு தெரிந்தால் அது நெகிழ்வான தட்டைப் பாதம், சிகிச்சை தேவையில்லை. எப்படிப் பிடித்தாலும் அசையாத விறைத்த பாதம் வேறு கதை, அதற்கு எலும்பு மருத்துவர் வேண்டும்.

ஷூ பாதத்தைத் திருத்துமா

குழந்தைகளின் உடல் கோணல்களைத் தடுப்பதும் திருத்துவதும் பற்றி 1741இல் நூல் எழுதிய பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்திரியிடமிருந்துதான் 'ஆர்த்தோபீடிக்ஸ்' என்ற பெயரே வந்தது. அதே திருத்தும் நோக்கத்தோடு, லிவர்பூல் மருத்துவர் ஹியூ ஓவன் தாமஸின் பெயரால் வழங்கும், உள்பக்கம் நீண்ட குதிகால் கொண்ட ஷூ 20ஆம் நூற்றாண்டில் எண்ணற்ற குழந்தைகளின் கால்களில் ஏறியது. குழந்தை வளர வளரப் பாதம் சரியானது. பெயர் ஷூவுக்குப் போனது.

ஷூவுக்கு இதில் பங்கு உண்டா என்று சோதித்தவர்கள் அமெரிக்க எலும்பு மருத்துவர் டென்னிஸ் வெங்கரும் அவருடைய குழுவினரும். நெகிழ்வான தட்டைப் பாதம் கொண்ட குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்குத் திருத்து ஷூ, சிலருக்குக் குதிகால் கிண்ணம், சிலருக்கு வார்த்த இன்சோல், சிலருக்கு எதுவுமில்லை என்று மூன்றாண்டுகள் கவனித்தார்கள். 1989இல் வெளியான முடிவு: எல்லாக் குழுக்களிலும் பாதம் மேம்பட்டது, எதுவும் அணியாத குழுவிலும்தான்.

கர்நாடகத்தின் மணிப்பாலிலிருந்து ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 1992இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. 4 முதல் 13 வயது வரையான 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை எடுத்துப் பார்த்தார்கள். காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம் மட்டுமே. மூடிய ஷூ அணிந்தவர்களிடம் அது அதிகமாகவும், செருப்பு அணிந்தவர்களிடம் குறைவாகவும் இருந்தது. ஒருமுறை எடுத்த கணக்கெடுப்பு என்பதால் ஷூதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சின்ன வயதிலேயே ஷூ போட்டால்தான் பாதம் ஒழுங்காக அமையும் என்ற பேச்சுக்கு இதில் ஆதரவு இல்லை.

யாருக்கு வேண்டும்

மூளை முடக்குவாதத்தால் குதிகால் தரையில் படியாத குழந்தை, முதுகுத்தண்டுப் பிளவால் கணுக்காலில் பலம் இல்லாத குழந்தை, வளைபாதத்துக்கு மாவுக்கட்டு முடிந்த குழந்தை ஆகியோருக்குத் தாங்கு சாதனம் சிகிச்சையின் பகுதி. வளைபாதத்துக்கான பொன்செட்டி முறையில், இரு ஷூக்களையும் ஒரு கம்பியில் இணைத்த சாதனத்தை முதலில் மூன்று மாதம் நாள் முழுக்கவும், பிறகு நான்கைந்து வயது வரை உறங்கும் நேரத்திலும் போட வேண்டும். இடையில் நிறுத்தினால் பாதம் மறுபடி வளையக்கூடும்.

மூளை முடக்குவாதக் குழந்தைக்குத் தருவது பெரும்பாலும் 'ஏஎஃப்ஓ' எனப்படும் கணுக்கால் ஸ்பிளிண்ட். காலில் மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்து, அந்த அச்சின்மேல் சூடாக்கிய பாலிப்ரொப்பிலீன் தகட்டைப் படியவைத்து, வெட்டி, வெல்க்ரோ பட்டை வைக்கிறார்கள். உள்ளே பருத்திச் சாக்ஸ் போட்டே அணிவிக்க வேண்டும். கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்த தடம் அரைமணி நேரத்துக்குள் மறையாவிட்டால் அந்த இடம் அழுத்துகிறது. செய்தவரிடம் கொண்டுபோய்ச் சரிசெய்ய வேண்டும். கால் வளர்ந்தால் ஸ்பிளிண்டையும் மாற்ற வேண்டும், பழையதை இழுத்துக்கட்டுவது புண்ணாக்கிவிடும்.

டவுன் நோய்க்குறிக் குழந்தைகளுக்குத் தாங்கியை எப்போது அணிவிப்பது என்பது முக்கியம். நடந்து பழகிய பிறகு கணுக்கால் தாங்கி நிலைத்து நிற்க உதவலாம். ஆனால் ஜூலியா லூப்பர், டேல் உல்ரிச் 2010இல் வெளியிட்ட ஆய்வில், நடக்கத் தொடங்கும் முன்பே தாங்கி அணிவித்த குழந்தைகள், ஓடுபட்டை (டிரெட்மில்) பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிடப் பிற உடலியக்கத் திறன்களில் பின்தங்கினார்கள். தவழும் குழந்தை, எழும் குழந்தை எல்லாம் கணுக்காலை மடக்கித்தானே ஆக வேண்டும்.

மற்றக் குழந்தைகளுக்கு

வீட்டுக்குள் வெறுங்காலே சிறந்தது. விரல்கள் தரையைப் பற்றி, உள்ளங்கால் தரையை உணர்ந்து பழகும். வெளியே போகும்போது லேசான, முன்பாதத்தில் எளிதாக வளையும், குதிகால் உயரமில்லாத, விரல் அகலத்துக்கு முன்னால் இடம் விட்ட செருப்போ ஷூவோ போதும். மரத்தாலான நடைவண்டியைக் குழந்தை தானே நின்று தள்ளலாம், பெரியவர் கூட இருந்தால். உட்கார வைத்துத் தரையை எத்தவிடும் சக்கர வாக்கர் நடையை விரைவுபடுத்துவதில்லை, விபத்தும் அதில் அதிகம். கனடா அதை 2004இல் தடையே செய்தது.

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் அமைந்த மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் வளர்ச்சித் தாமதத்துக்கான பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். அங்கன்வாடி ஊழியரிடம் கேட்டால் வழி சொல்வார். போகும்போது பிரசவ அறிக்கை, பிறந்த எடை, தடுப்பூசி அட்டை ஆகியவற்றோடு, குழந்தை வீட்டில் தரையிலிருந்து எழுவதைக் கைப்பேசியில் படம் பிடித்து எடுத்துச் செல்லுங்கள். புது இடத்தில் பயந்து மடியிலேயே ஒட்டிக்கொள்ளும் குழந்தையைவிட அந்தப் படம் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.