கழலையை வென்ற உப்பு



உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ருசியை எண்ணிச் சொன்ன சொல் அது. ஆனால் உப்பின் பெருமை நாவோடு நின்றுவிடவில்லை. ஊர் ஊராகப் பிள்ளைகளைச் செவிடாகவும் ஊமையாகவும் அறிவு மங்கியவர்களாகவும் ஆக்கிவந்த ஒரு நோயை, இந்த உப்பைக் கொண்டே மனிதன் அடக்கினான். அந்த வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நோயின் பெயர் முன்கழுத்துக் கழலை. நம் கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்தாற்போல் ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அதற்குத் தைராய்டு என்று பெயர். கேடயச் சுரப்பி என்றும் தமிழில் சொல்வார்கள். அது சுரக்கும் நீர்தான் உடம்பின் சூட்டைக் காக்கிறது, பிள்ளைகளை வளரச் செய்கிறது, மூளையைப் பக்குவப்படுத்துகிறது. இந்த நீரைச் செய்ய அயோடின் என்னும் ஒரு பொருள் வேண்டும். அயோடின் போதிய அளவு கிடைக்காதபோது, கிடைக்கும் கொஞ்சத்தையும் விடாமல் பிடிப்பதற்காகச் சுரப்பி பருக்கத் தொடங்குகிறது. பால் குறைந்த காலத்தில், எடையை ஈடுகட்ட அதிக மரங்களைச் சீவுகிறோம் அல்லவா? சுரப்பி செய்வதும் அதுதான். கழலை என்பது பட்டினி கிடக்கும் சுரப்பியின் உழைப்பு.

வீக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் உண்மையான கேடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. கருவிலிருக்கும் குழந்தை முதல் மூன்று மாதங்களுக்குத் தாயின் தைராய்டு நீரையே நம்பியிருக்கிறது. தாயிடம் அயோடின் மிகவும் குறைந்தால், பிறக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றிவிடும். பிறகு எத்தனை மருந்து கொடுத்தாலும் அந்தக் குறையை முழுதும் நீக்க இயலாது.

இந்த நோய் பெரும்பாலும் மலைநாடுகளில்தான் குடிகொண்டிருந்தது. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலை, இந்தியாவின் இமயமலை, தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை ஆகியவை அதன் பெயர்பெற்ற இருப்பிடங்கள். காரணம் மண்ணில் இருக்கிறது. மழையும் பனியும் மேட்டு நிலத்து மண்ணிலுள்ள அயோடினைக் கரைத்து ஆற்றில் விடுகின்றன; ஆறு அதைக் கடலில் சேர்க்கிறது. அந்த மண்ணில் விளையும் அரிசியிலும் காயிலும் கிழங்கிலும் அயோடின் இருப்பதில்லை. கடல் மீன் உண்பவர்களுக்கு அது எளிதில் கிடைத்துவிடுகிறது. இந்தக் காரணம் தெரியாத காலத்தில் சிலர் தண்ணீரைக் குறை சொன்னார்கள். சிலர் தெய்வக் குற்றம் என்றார்கள்.

இதில் ஒரு வியப்பு உண்டு. காரணம் தெரியாதபோதே மருந்து தெரிந்திருந்தது. சீனத்து வைத்தியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கழலைக்குக் கடற்பாசி கொடுத்தார்கள். ஐரோப்பாவில் கடற்பஞ்சைச் சுட்டுச் சாம்பலாக்கிக் கொடுத்தார்கள். இரண்டும் கடலில் விளைபவை. இரண்டிலும் அயோடின் உண்டு. ஆனால் அந்தப் பெயரை உலகம் இன்னும் கேள்விப்படவில்லை.

1811ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் பெர்னார் கூர்த்துவா என்பவர் வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்புத் தயாரிக்கும் தொழில் செய்துவந்தார். அப்போது நெப்போலியன் காலத்துப் போர் நடந்துகொண்டிருந்தது. கடற்பாசிச் சாம்பலில் அவர் கந்தக அமிலத்தைச் சற்று அதிகமாக ஊற்றிவிடவே, ஊதா நிறப் புகை எழுந்தது. அந்தப் புகை குளிர்ந்து கரிய பளிங்குத் துகள்களாகப் படிந்தது. அதுவே அயோடின். கிரேக்க மொழியில் ஊதா நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1820இல், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகர மருத்துவர் குவாந்தே, சுட்ட கடற்பஞ்சில் வேலை செய்வது இந்த அயோடினாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்துத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்தார். கழலைகள் சுருங்கின. செய்தி பரவியதும் மக்கள் அளவறியாமல் வாங்கி விழுங்கலாயினர். சிலருக்கு நெஞ்சு படபடத்தது, உடம்பு இளைத்தது. நல்ல மருந்துக்குக் கெட்ட பெயர் வந்தது. மருந்து என்றால் அளவு என்பதை உலகம் அன்று கற்றுக்கொண்டது.

1830களில் பூசின்கோ என்ற பிரெஞ்சு அறிஞர் தென் அமெரிக்காவின் கொலம்பியாவில் இருந்தார். அங்கே குறிப்பிட்ட சில இடங்களில் எடுத்த உப்பை உண்ட மக்களுக்குக் கழலை வராததைக் கண்டார். அந்த உப்பைச் சோதித்ததில் அயோடின் இருந்தது. அயோடின் கலந்த உப்பை மக்களுக்குக் கொடுத்தால் கழலை ஒழியும் என்று அவர் எழுதினார். நேயர்களே, தீர்வு அன்றே எழுத்தில் வந்துவிட்டது. அது நடைமுறைக்கு வர ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆயின. அந்த 90 ஆண்டுகளில் மலைநாடுகளில் எத்தனை பிள்ளைகள் பேச்சற்றுப் பிறந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இடையில் அறுவைச் சிகிச்சை முன்னேறியது. பெர்ன் நகரத்தில் கோகர் என்ற மருத்துவர் கழலையை அறுத்தெடுப்பதில் கைதேர்ந்தவராக விளங்கினார். ஆனால் சுரப்பியை முழுதும் எடுத்துவிட்ட நோயாளிகள் பின்னர் உடல் பருத்து, அறிவு மந்தித்துப் போனதை அவர் கண்டார். 1883இல் அதை மறைக்காமல் வெளியிட்டார். இந்தச் சுரப்பி இல்லாமல் மனிதன் மனிதனாக வாழ முடியாது என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. தைராய்டு பற்றிய ஆராய்ச்சிக்காக 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1895இல் பாமன் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்தச் சுரப்பிக்குள்ளேயே அயோடின் இருப்பதைக் கண்டுபிடித்தார். புதிர் அவிழ்ந்தது.

இனி வேண்டியது கண்கண்ட சாட்சி. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரத்தில் டேவிட் மரைன், கிம்பல் என்ற இருவர் 1917இல் பள்ளிச் சிறுமிகளிடையே சோதனையைத் தொடங்கினார்கள். விரும்பியவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு தடவை அயோடின் சேர்ந்த மருந்தைக் கொடுத்தார்கள். மருந்து உண்ட 2,190 பேரில் 5 பேருக்கு மட்டுமே சுரப்பி வீங்கியது. உண்ணாத 2,305 பேரில் 495 பேருக்கு வீங்கியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் ஒரு நாட்டின் மக்கள் அனைவருக்கும் மருந்தை ஊட்டிக்கொண்டிருக்க முடியுமா? ஏழையும் பணக்காரனும் ஒன்றுபோல் நாள்தோறும் உண்ணும் பொருள் எது? உப்புதான். 1918இல் சுவிட்சர்லாந்து மலைநாட்டு மருத்துவர் பாயார், உப்பில் சிறிதளவு அயோடினைத் தம் கையாலேயே கலந்து, கோவேறு கழுதையின் முதுகில் ஏற்றி, கிரேகன் என்ற மலைக் கிராமத்துக்குக் கொண்டுபோனார். சில குடும்பங்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். சில மாதங்களில் கழலைகள் சுருங்கின. யாருக்கும் தீங்கு நேரவில்லை. 1922இல் எகன்பெர்கர் என்ற மருத்துவரின் முயற்சியால், அப்பென்சல் பகுதியில் அயோடின் உப்பு கடைகளில் விற்பனைக்கு வந்தது. 1924இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலமும் இந்த வழியைப் பின்பற்றியது.

ஆசியாவுக்கு வருவோம். இந்தியாவில் இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேருக்குக் கழலை இருந்தது. 1956 முதல் டாக்டர் ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் அந்தப் பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் சென்றன. ஆறே ஆண்டுகளில், அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் நோய் பாதிக்கு மேல் குறைந்தது. சாதாரண உப்பு உண்ட பகுதியில் நோய் இருந்தபடியே இருந்தது. பிறகு அந்தப் பகுதிக்கும் அயோடின் உப்பைக் கொடுத்தார்கள். 1962இல் இந்திய அரசு கழலைத் தடுப்புத் திட்டத்தை நாடளாவத் தொடங்கியது.

நம் மலேசியாவும் இந்த வரலாற்றுக்கு வெளியே இல்லை. சரவாக்கின் உள்நாட்டு ஆற்றோரங்களில், நீள்வீடுகளில் வாழ்ந்த இபான் மக்களிடையே கழலை வெகுவாகப் பரவியிருந்தது. கடல் தொலைவு, கடல் மீன் அரிது. மரவள்ளிக்கிழங்கும் அதன் இலையும் அவர்களுடைய உணவில் இடம்பெற்றிருந்தன. 1982இல் சரவாக்கில் நோய் மிகுந்த பகுதிகளுக்கு அயோடின் உப்பு சட்டமாக்கப்பட்டது. சில கிராமங்களில் குடிதண்ணீரிலேயே அயோடின் சேர்த்தும் பார்த்தார்கள், கழலைகள் சிறுத்தன. 2008இல் சரவாக் முழுவதற்கும் அயோடின் உப்பு கட்டாயமாயிற்று. தீபகற்பத்தில் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது இங்கும் ஓரளவு குறை இருப்பது தெரிந்தது. 2020ஆம் ஆண்டளவில் விதி தீபகற்பத்துக்கும் விரிந்தது.

மரவள்ளிக்கிழங்குக்கும் கழலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஜப்பானியர் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி கிடைக்காமல் லயத்தைச் சுற்றி மரவள்ளி நட்டு உயிர் பிழைத்த தலைமுறை நம்முடையது. அந்தக் கிழங்கு காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். ஆனால் அதில் இயற்கையாகவே சிறிதளவு நஞ்சு உண்டு. அந்த நஞ்சை முறிப்பது நம் கல்லீரல். மீன், முட்டை, பருப்பு முதலிய புரத உணவிலிருந்து கிடைக்கும் கந்தகச் சத்தைக் கொண்டு கல்லீரல் அந்த நஞ்சைத் தீங்கு குறைந்த வேறொரு பொருளாக மாற்றுகிறது. அந்தப் பொருள் சிறுநீரில் வெளியேறும் முன், தைராய்டின் வாசலில் நின்று அயோடினை உள்ளே விடாமல் தடுக்கிறது. ஆப்பிரிக்காவின் கிவு ஏரியிலுள்ள இஜ்வி தீவில் இதைக் கண்டார்கள். தீவு முழுவதும் அயோடின் குறைவுதான். ஆனால் மரவள்ளியை மிகுதியாக உண்ட பகுதியில்தான் கழலை மிகுந்திருந்தது. எனவே கிழங்கைத் தோலுரித்து, நறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாக வேகவைக்க வேண்டும். கிழங்கோடு மீனும் சேர வேண்டும்.

கல்லீரலுக்கும் தைராய்டுக்கும் இன்னோர் உறவும் உண்டு. தைராய்டு சுரக்கும் நீரில் பெரும்பகுதி, உடம்பு நேராகப் பயன்படுத்த முடியாத நிலையில் வருகிறது. அதை வீரியமுள்ள நீராக மாற்றும் வேலையில் பெரும்பங்கு கல்லீரலுடையது. வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத்திலேயே கள்ளுக்கடை வைத்தார்கள். பிறகு சம்சு வந்தது. அது எத்தனை குடும்பங்களின் கல்லீரலைத் தின்றது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லீரல் தழும்பேறிக் கெட்டால், நஞ்சை முறிக்கும் வேலையும் கெடுகிறது. சுரப்பிக்குத் துணை செய்யும் வேலையும் கெடுகிறது.

இந்த நீண்ட வரலாறு நம் அடுப்படிக்குச் சொல்லும் செய்தி எளியது. ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். கர்ப்பிணிக்கு 250. ஆயுள் முழுவதற்கும் சேர்த்தால் ஒரு தேக்கரண்டி அளவுதான். ஆனால் மொத்தமாக உண்டு சேமித்து வைக்க உடம்பால் முடியாது. அன்றாடம் கொஞ்சம் கிடைத்தாக வேண்டும்.

கடையில் உப்பு வாங்கும்போது பொட்டலத்தில் அயோடின் சேர்த்தது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கல் உப்பு கடலிலிருந்து வந்ததுதானே என்று எண்ண வேண்டாம். காய்ச்சிய கடலுப்பில் அயோடின் மிகக் குறைவு. உப்பை மூடியுள்ள பாத்திரத்தில், ஈரமும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வையுங்கள். குழம்பு இறக்கும் நேரத்தில் உப்புச் சேர்த்தால் அயோடின் வீணாகாது. அதற்காக உப்பை அதிகமாக அள்ளிப் போடவும் கூடாது. இரத்த அழுத்தம் ஏறும். போடுகிற அளவு குறைவாகவும் போடுகிற உப்பு நல்லதாகவும் இருக்கட்டும். வாரத்தில் சில நாள் கடல் மீன் சமையுங்கள். விலை மிகுந்த மீன்தான் வேண்டும் என்பதில்லை.

கழுத்தில் வீக்கம் கண்டால், கயிறு மந்திரித்துக் கட்டிக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லா வீக்கமும் அயோடின் குறைவால் வருவதன்று. சோதித்துத்தான் சொல்ல முடியும். தாமாகவே அயோடின் மருந்து வாங்கி உண்பதும் ஆபத்து. குவாந்தே காலத்து மக்கள் கற்ற பாடம் நமக்கும் உரியது. கர்ப்பமான மருமகளுக்கும் மகளுக்கும் இதில் தனிக் கவனம் வேண்டும்.

பூசின்கோ எழுதியதற்கும் பாயார் உப்பு மூட்டையை ஏற்றிச் சென்றதற்கும் இடையே பல பத்தாண்டுகள் வீணாயின. அறிவு இருந்தது, அது வீட்டுக்கு வந்து சேரவில்லை. இன்று அது ஓர் உப்புப் பொட்டலமாக நம் வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறது. பிறக்கப்போகும் பிள்ளையின் படிப்பும் பேச்சும் அந்தப் பொட்டலத்தில் அடங்கியிருக்கின்றன என்பதை நினைவில் வைப்போம்.