ஒலியைச் சுருக்காது பேணல்: யாழ்ப்பாணக் கூத்தை முன்வைத்து ஒரு குறிப்பு

1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஒரே பிரதியாய் இருந்தவை மீளவேயில்லை. 2005 இல் தோன்றிய நூலகம் திட்டம் அச்சு நூல்களை எண்ணிமப்படுத்தி இவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்தது. ஒலிக்கு ஏற்ற வடிவம் யாது என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளும் வினா.

எம்பி3 போன்ற சுருக்க முறைகள் செவி உணராது எனக் கருதும் கூறுகளை நிரந்தரமாக நீக்கிவிடுகின்றன. எவருடைய செவி? அண்ணாவியாரின் மத்தள நுணுக்கத்தை நாளை ஆராய்பவருக்கு நீக்கப்பட்டதே வேண்டியிருக்கலாம். மைக்ரோசொவ்ற், ஐ.பி.எம். நிறுவனங்கள் 1991 இல் வெளியிட்ட வேவ் வடிவமோ ஒலி மாதிரிகளைச் சுருக்காது, எண்களாகவே வரிசைப்படுத்த இடந்தருகிறது. அதன் எளிய அமைப்பில் முதல் 44 பைற்றுகள் தலைப்பாகும். அலைவரிசைகளின் தொகை, மாதிரி வீதம், பிற் அளவு என்பன அதில் உள. பைதன் மொழியின் 'வேவ்' கூறு இவற்றைப் படிக்கவும் புதிய கோப்பாக எழுதவும் வல்லது.

ஆயினும் ஓர் இடர் உண்டு. கோப்பின் அளவைக் குறிக்க 4 பைற்றுகளே ஒதுக்கப்பட்டமையால் 4 கிகாபைற்றுக்கு மேல் எழுதவியலாது. செக்கனுக்கு 48,000 மாதிரி, 24 பிற், இரு அலைவரிசை எனின் 288,000 பைற்றுகள். நான்கு மணித்தியாலமும் சில நிமிடங்களுமே கொள்ளும். பாசையூரிலும் குருநகரிலும் விடியவிடிய ஆடப்பட்ட கூத்துக்கு இது எங்ஙனம் போதும்? ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் வகுத்த ஆர்எப்64 வடிவம் இத்தடையை நீக்கியது. பைதனின் அக்கூறோ அதனைப் படியாது. ஆகவே கோப்பைப் பகுக்க நேரின், காட்சி முடியுமிடத்திற் பகுத்தலே தகும். பாட்டின் நடுவே அன்று.